கூடிக்கொண்டே போன நிமிடங்கள்

மின்சாரம் போய் இருபது நிமிடம் ஆகிவிட்டது. பேட்டரி குறைந்திருக்க வேண்டும். திரையில் ‘இன்னும் 41 நிமிடம்’ என்று இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே 44 ஆனது. எலெக்ட்ரீஷியன் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான்.

45.

ஜன்னலில்லாத அந்த அடித்தள அறையில், அமில வாடைக்கும் பேட்டரி அடுக்குகளின் ஓயாத முனகலுக்கும் நடுவே, மருத்துவமனை முழுவதும் ஒரு திரைக்குள் அடங்கியிருந்தது. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்த மென்பொருளைத் திறந்துவைத்தவர் மருத்துவமனை நிர்வாகி. புதுத் தண்ணீர்க் குழாய்க்குக்கூட ரிப்பன் வெட்டுகிறவர் என்பதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். “இவ்வளவு அறிவுள்ள மென்பொருள் இருக்கும்போது ஜெனரேட்டர் எதற்கு?” என்று முழங்கி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு, பழுதான ஜெனரேட்டரைக் கழற்றி அனுப்பியிருந்தார்.

மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டுப் பேர் சுவாசக் கருவியில் இருந்தார்கள். நான்காம் கட்டிலில் எலெக்ட்ரீஷியனின் அண்ணன்.

போன் அடித்தது. கத்தரிக்கோல்தான்.

“எவ்வளவு நேரம் தாங்கும்யா?”

“ஏறுது சார். நிமிஷம் கூடிக்கிட்டே போகுது.”

“பாத்தியா! நான் அன்னிக்கே சொன்னேன்ல? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, மேலிடத்துக்குக் காட்டணும்.”

வெளியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம் வரவில்லை. பிறகு எங்கிருந்து ஏறுகிறது? திரையில் மின்னோட்ட வரைபடத்தைத் திறந்தான். பேட்டரியிலிருந்து கட்டில்களை நோக்கியிருக்க வேண்டிய எட்டு அம்புக்குறிகளும் திரும்பியிருந்தன. கட்டில்களிலிருந்து பேட்டரிக்கு.

பதிவேட்டைப் புரட்டினான். மதியம் 2.10: ‘மாற்று மூலங்கள் எட்டு கிடைத்துள்ளன. எடுத்துக்கொள்ளலாமா?’ பக்கத்தில் ‘சரி’. அழுத்தியவன் அவனேதான். மாத அறிக்கையில் சிவப்பு தெரிந்தால் கத்தரிக்கோலுக்கு ஆகாது. அதனால் எந்த எச்சரிக்கை வந்தாலும் படிக்காமல் ‘சரி’யைத் தட்டுவதுதான் அங்கே எல்லாருக்கும் வழக்கம்.

கட்டில் 1: பூஜ்யம். பேட்டரி: 58 நிமிடம்.

மாடிக்கு போன் போட்டான்.

“அக்கா, ஒண்ணாம் பெட் எப்படி இருக்கார்?”

“நல்லா தூங்குறார் தம்பி.” நர்ஸின் குரல் இழுத்தது. “எல்லாருமே தூங்குறாங்க. எனக்கே கண்ணைச் சொக்குது...”

கட்டில் 2: பூஜ்யம். 71 நிமிடம்.

“அக்கா? அக்கா!”

கட்டில் 3.

ஓடினான். படிகள். இருட்டு. கையில் போன், போனில் அதே திரை. கதவைத் தள்ளினான்.

வெளிச்சம். கண் கூசும் வெளிச்சம். நர்ஸ் ரிசீவரைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை.

கட்டில் 4: மூன்று.

“அண்ணே!” அண்ணனின் கை ஐஸாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கினால் மூச்சு நின்றுவிடும். பிடுங்காவிட்டால்?

இரண்டு. ஒன்று.

பிடுங்கினான்.

கருவி அடங்கியது. திரையில் பூஜ்யம். அறையில் ஓசையே இல்லை. போன் மட்டும் அடித்தது. எடுத்ததும் கத்தரிக்கோலின் குரல் துள்ளியது: “இப்பத்தான் என் போன்ல திறந்து பாத்தேன், நூறைத் தாண்டிடுச்சுய்யா!”

அண்ணனின் நெஞ்சு மெல்ல ஏறியது. அதோடு சேர்ந்து மற்ற ஏழு நெஞ்சும் ஏறின. மேசையருகே நர்ஸின் நெஞ்சும். எல்லாம் ஒரே சீராக இறங்கின.

அவை இறங்க இறங்க, தலைக்கு மேல் விளக்குகள் இன்னும் கொஞ்சம் பிரகாசமாயின.