பன்னிரண்டு கல்லும் நாற்பத்து மூன்று கல்லும்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அன்று காலை அசெம்பிளியில் என் இரண்டு காதும் சிவந்து கிடந்தன என்று என் வகுப்பு நந்தனா சொன்னாள். சிவக்காமல் என்ன செய்யும்? நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் காதும் சிவக்கிறதா இல்லையா என்று பாருங்கள்.

என் பெயர் சோனா. கேரளத்தில் பாறசாலைக்குப் பக்கத்து ஊர். 1996இல் நான் நாலாம் வகுப்பு பி பிரிவில் படித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலு ஏ மலையாளம், நாலு பி தமிழ். ஏ வகுப்பில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காருவார்கள். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் குறைவு. கடைசி பெஞ்சில் எங்கள் பைகள்தான் வசதியாக உட்கார்ந்திருக்கும்.

ஓணப் பரீட்சைக்கு முன்னால், பனச்சமூட்டில் ரப்பர் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஜெயதாஸ் மாமா பள்ளிக்கு வந்தார்.

"நாலாம் கிளாஸ் மக்களே, எனக்கு ரப்பர் கொட்டை வேணும். எந்த வகுப்பு கூடுதல் பெறக்கித் தருதோ, அந்த வகுப்ப எனக்க வேன்ல ஏத்தி நெய்யாறு டாமுக்குக் கொண்டு போறேன். அங்க சிங்கம் உண்டு, கேட்டியளா!" என்றார்.

சிங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் நந்தனா என் கையைக் கிள்ளிவிட்டாள். அவளுடைய பென்சில் டப்பாவின் மூடிக்குள் ஒரு சிங்கம் ஒட்டியிருக்கும். பழைய காலண்டரில் இருந்து வெட்டியது. நிஜச் சிங்கத்தை அவள் பார்த்ததே இல்லை. நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

அன்றிலிருந்து நாங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் ரப்பர் தோட்டத்தில்தான் கிடந்தோம். மேலே காய் 'படக்' என்று வெடிக்கும். கொட்டை எங்கோ போய் விழும். சருகுக்குள் கையை விட்டுத் தேட வேண்டும். அட்டை கடிக்கும். நந்தனாவின் காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. அவள் உப்பைத் தேய்த்துவிட்டு மறுபடியும் சருகுக்குள் கையை விட்டாள்.

வியாழக்கிழமை எண்ணும் நாள். எங்கள் பெரிய சார் ராஜையா சார் இரண்டு வகுப்புக்கும் ஒவ்வொரு தேங்காய்ச் சிரட்டை கொடுத்தார்.

"எண்ணும்போ அடையாளத்துக்கு ஒரு கல்லு எடுத்து சிரட்டையில போடணும். எண்ணின கொட்டைய வராந்தாவில இருக்க சாக்குல தட்டணும். கடைசியில சிரட்டைய எனக்க மேசையில கொண்டு வைக்கணும்" என்றார்.

எத்தனை கொட்டைக்கு ஒரு கல் என்று சார் சொல்லவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. இதை மறந்துவிடாதீர்கள்.

எங்கள் அப்பா பொன்னுதாஸ் தேங்காய் வியாபாரம் செய்கிறவர். எங்கள் வீட்டு முற்றத்தில் தேங்காய் எண்ணுகிறவர்கள் நூறு எண்ணி முடித்ததும் ஒரு தேங்காயைத் தனியே எடுத்து வைப்பார்கள். அது அடையாளத் தேங்காய். அடுத்த நூறு முடிந்ததும் இன்னொன்று. கடைசியில் அந்த அடையாளத் தேங்காய்களை எண்ணினால் எத்தனை நூறு என்று தெரிந்துவிடும்.

அதனால் நாங்களும் நூறு கொட்டைக்கு ஒரு கல் என்று போட்டோம். எங்கள் சுகிர்தபாய் டீச்சர் அன்று லீவு. நாங்களே கவனமாக எண்ணினோம். சிரட்டையில் பன்னிரண்டு கல் விழுந்தது.

மறுநாள் அசெம்பிளியில் பெரிய சார் இரண்டு சிரட்டையோடு வந்தார்.

"நாலு ஏ, நாப்பத்து மூணு கல்லு. நாலு பி, பன்னிரண்டு கல்லு. எது பெருசு?"

"நாப்பத்து மூணு!" என்று பள்ளிக்கூடமே கத்தியது.

நானும் சேர்ந்து கத்தினேன். கேள்விக்குப் பதில் தெரிந்தால் வாய் சும்மா இருக்குமா? கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது.

பெரிய சார் கரும்பலகையில் எழுதினார். நாலு ஏ 430. நாலு பி 120.

"நாலு ஏ ஜெயிச்சாச்சு! நாளைக்கு வேன் அவங்களுக்கு. நாலு பி, இத்தன நாளா பெறக்கி நூத்தி இருவது கொட்டைதானா? மடியங்க கூட்டமாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள்கூடச் சிரித்தன. மடியர்களாம்! சோம்பேறிகளாம்! நந்தனா தன் காலில் இருந்த அட்டைக்கடித் தழும்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அசெம்பிளி கலைந்ததும் நேராகப் பெரிய சார் அறைக்குப் போனேன்.

"சாரே, நாங்க பத்துக்கு ஒரு கல்லு போடல்ல. நூறுக்கு ஒரு கல்லு போட்டோம். அப்பம் ஆயிரத்து இருநூறாக்கும்."

சார் தலையை நிமிர்த்தவே இல்லை. "தோத்த பெறகு எல்லாரும் இப்பிடித்தான் பறவாங்க."

"சத்தியமாட்டு சாரே!"

"நீங்க கொஞ்சம் பிள்ளையதானே உண்டு. ஆயிரத்துக்கு மேல பெறக்கினோம்ணு பறஞ்சா யாரு நம்புவா? போ மக்கா, கிளாஸுக்குப் போ. மணி அடிச்சாச்சு."

சிறிய வகுப்பு என்றால் சிறிய எண்தான் வருமா? யார் போட்ட சட்டம் இது? எண்ணிப் பார்த்தாரா? இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அதுவும் இல்லை. நான் கதவைச் சாத்தியபோது கொஞ்சம் சத்தமாகத்தான் சாத்தினேன்.

"நம்ம கொட்டைய எண்ணிக் காட்டினா என்ன?" என்றாள் நந்தனா. உடனே அவளே உதட்டைப் பிதுக்கினாள். "எங்க எண்ண? எல்லாம் ஒரே சாக்குல தட்டியாச்சே. நம்ம கொட்டை எது, அவங்க கொட்டை எது? கொட்டையில பேரா எழுதி இருக்கு?"

அவள் சொன்னது சரி. ரப்பர் கொட்டை எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே புள்ளி. மூன்று மணிக்கு ஜெயதாஸ் மாமா சாக்கை எடுக்க வந்துவிடுவார். சாக்கு போனால் எங்கள் சாட்சியும் போனது.

கணக்கு வகுப்பில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. சிலேட்டில் 430, 120 என்று எழுதி எழுதி அழித்தேன். கோபத்தில் இரண்டையும் கூட்டினேன். 550 வந்தது. பிறகு 120ஐ அழித்துவிட்டு, உண்மையான எங்கள் எண்ணை எழுதினேன். 1200. மறுபடியும் கூட்டினேன். 1630 வந்தது.

550. 1630.

"நந்தனா!" என்று கத்திவிட்டேன். சுகிர்தபாய் டீச்சர் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல டீச்சரே" என்று உட்கார்ந்துகொண்டேன். ஆனால் உட்கார முடியவில்லை.

கொட்டை கலந்துவிட்டால் என்ன? கலந்தால் எண்ணிக்கை குறைந்தா போகும்?

மதிய மணி அடித்ததும் மறுபடியும் பெரிய சார் முன்னால் போய் நின்றேன். இந்த முறை மெதுவாகப் பேசினேன். மிகவும் கஷ்டப்பட்டுத்தான் மெதுவாகப் பேசினேன்.

"சாரே, ஒங்க கணக்குல அந்தச் சாக்குல மொத்தம் எத்தன கொட்டை இருக்கணும்?"

"நானூத்தி முப்பதும் நூத்தி இருவதும்... ஐந்நூத்தி அம்பது."

"கல்லு போடாத சில்லறையும் சேத்தா?"

"பத்துக்கு உள்ள சில்லறைதானே, கொஞ்சம் கூடும். அறுநூறு வராது."

"அறுநூறு தாண்டினா, சாரே?"

பெரிய சார் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார்.

"ம்... கஞ்சி நேரத்துல எண்ணிக்கோ" என்றார்.

"நாலு ஏ ஜெனிலும் கூட இருந்து எண்ணணும் சாரே. பெறகு நாங்க கள்ளக்கணக்கு போட்டோம்ணு யாரும் பறயப்பிடாது."

ஜெனில் எங்கள் பக்கத்து வீடு. நாலு ஏ வகுப்பு லீடர். அன்று காலை முதல் அவன் என் முகத்தைப் பார்க்காமல் நழுவிக்கொண்டிருந்தான். கஞ்சிப் பாத்திரத்தோடு போனவனை வழிமறித்தேன்.

"எலே ஜெனில், ஒங்க வகுப்புல எத்தன கொட்டைக்கு ஒரு கல்லு போட்டீங்க?"

அவன் பாத்திரத்தில் இருந்த பயறைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் பயறைப் பார்த்தான்.

"பத்துக்கு ஒண்ணு" என்றான் கடைசியில். "கணக்குப் பாடத்துல ஈர்க்கில பத்துப் பத்தா கெட்டினோம்லா, அது போல. நீங்களும் அப்பிடித்தான் போட்டீங்கண்ணு நெனச்சேன். நீ சாருக்க ரூமுல கெடந்து சண்டை போட்டது கேட்ட பெறகுதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்ச பெறகும் ஏன் மிண்டாம இருந்தே?"

"எனக்கும் சிங்கத்தக் காணணும்ணு ஆசை உண்டுல்லா!"

இதற்கு எப்படிக் கோபப்படுவது? நானும் முயன்று பார்த்தேன், வரவில்லை. "சரி, கஞ்சியக் குடிச்சிட்டு வா. எண்ணணும்" என்றேன்.

"குடிக்க நேரம் இல்ல, வாறேன்" என்று பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தான்.

வராந்தாவில் சாக்கைச் சரித்தோம். ஜெனில் சாக்பீஸால் தரையில் கோடு போட்டான். ஒரு வரியில் பத்துக் கொட்டை. பத்து வரி சேர்ந்தால் ஒரு பாத்தி. ஒரு பாத்திக்கு நூறு. எங்கள் வகுப்பும் அவன் வகுப்பும் தரையில் மண்டி போட்டு வரி வரியாக அடுக்கினோம். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மற்ற வகுப்புக்காரர்கள் பாத்திரத்தோடு வந்து சுற்றி நின்றார்கள்.

ஐந்து பாத்தி முடிந்தது. பெரிய சார் அறை வாசலில் வந்து நின்றார்.

ஆறாவது பாத்தியும் முடிந்தது. சாக்கில் இன்னும் பாதிக்கு மேல் கொட்டை கிடந்தது.

"அறுநூறு!" என்று நந்தனா கூவினாள்.

பெரிய சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு கை கொட்டையை அள்ளி அவரும் அடுக்க ஆரம்பித்தார். ஒரு வரியில் பதினொன்று வைத்துவிட்டார். நான்தான் ஒன்றை எடுத்து அடுத்த வரியில் போட்டேன்.

வராந்தாவில் இடம் போதாமல் பாத்திகள் ஒன்றாம் வகுப்பு வாசல்வரை போயின. கடைசியில் பதினாறு பாத்தி, எட்டு வரி, எட்டு உதிரி.

"ஆயிரத்து அறுநூத்தி எம்பத்தெட்டு" என்று பெரிய சார் மெதுவாகச் சொன்னார்.

ஜெனில் எழுந்தான். "எங்களுக்க கல்லு நாப்பத்து மூணு. பத்துக்கு ஒண்ணு." யாரும் சொல்லாமலே நாலு பாத்தியையும் மூன்று வரியையும் கையால் தள்ளித் தனியாக ஒதுக்கினான். மிச்சம் இருந்த முழுப் பாத்திகளை நந்தனா விரல் நீட்டி எண்ணினாள்.

"பன்னிரண்டு!"

அவள் சிரட்டையை எடுத்து வந்தாள். ஒரு பாத்திக்கு ஒரு கல்லாக வைத்துக்கொண்டே போனாள். ஒரு கல்லும் மிஞ்சவில்லை. ஒரு பாத்தியும் மிஞ்சவில்லை. அதற்கு மேல் கிடந்த ஐந்து வரியும் உதிரியும் சில்லறை.

பெரிய சார் எழுந்து போய்த் தன் கையாலேயே மணியை அடித்தார். மதிய நேரத்தில் அசெம்பிளியா என்று எல்லோரும் ஓடி வந்தார்கள். கரும்பலகையில் இருந்த 120ஐ அழித்துவிட்டு 1200 என்று எழுதினார்.

"நான் எத்தன கல்லுண்ணு மட்டும் பாத்தேன். ஒரு கல்லுக்கு எத்தன கொட்டைண்ணு கேக்கல்ல" என்றார். "இப்பம் சொல்லுங்க. எது பெருசு?"

"ஆயிரத்து இருநூறு!"

நாலு ஏ வகுப்பும் சேர்ந்துதான் கத்தியது. ஜெனிலின் குரல் தனியாகக் கேட்டது.

"அப்பம் நாளைக்கு வேன் நாலு பிக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரிய சார் திரும்பி நடந்தார்.

"சாரே!" என்றேன். "இன்னும் ஒண்ணு பாக்கி உண்டு."

சுகிர்தபாய் டீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். உருட்டட்டும். என் காது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"என்ன பாக்கி?" என்றார் பெரிய சார்.

"காலையில எங்கள மடியங்க கூட்டம்ணு பறஞ்சீங்க. எல்லாருக்கும் கேக்க பறஞ்சீங்க."

பெரிய சார் என்னைப் பார்த்தார். பிறகு நந்தனாவின் காலைப் பார்த்தார். திரும்பி வந்து, காலையில் நின்ற அதே படியில் ஏறி நின்றார்.

"நாலு பி மடியங்க இல்ல!" என்று சத்தமாகச் சொன்னார். "நான் பறஞ்சது தப்பாக்கும். அந்தப் பேச்ச நான் திரும்ப எடுத்தாச்சு. எல்லாருக்கும் கேட்டுதா?"

"கேட்டுது சாரே!"

நந்தனா என் காதைத் தொட்டுப் பார்த்தாள். "ஆறியாச்சு" என்றாள்.

மறுநாள் வேனில் எல்லோரும் ஏறிய பிறகும் பின்னால் இடம் இருந்தது. சிறிய வகுப்பாக இருப்பதில் இப்படி ஒரு லாபமும் உண்டு. நாலு ஏயில் சிலரையாவது ஏற்றலாம் என்று நாங்கள்தான் கேட்டோம். ஜெயதாஸ் மாமா தலையாட்டினார். முதலில் ஜெனில் ஏறினான். மற்ற இடங்களுக்கு அவர்கள் சீட்டுக் குலுக்கிக்கொண்டார்கள். காட்டாக்கடை தாண்டும்வரை பாட்டும் கூத்தும்தான்.

நெய்யாறு டாமில் சிங்கம் இருந்தது. நிஜச் சிங்கம். ஒரு மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. நாங்கள் கூப்பிட்டோம், கை தட்டினோம். அது காதை மட்டும் ஒரு தரம் ஆட்டிவிட்டு மறுபடியும் தூங்கியது.

"எவ்வளவு அழகு!" என்றாள் நந்தனா.

அழகாம்! அட்டைக்கடி வாங்கி, ஆயிரத்துக்கு மேல் கொட்டை பொறுக்கி, பெரிய சாரோடு சண்டை போட்டு வந்திருக்கிறோம். ஒரு தரம் திரும்பிப் பார்த்தால் என்னவாம் அந்தச் சிங்கத்துக்கு?

"சோனா," என்றான் ஜெனில், "ஒனக்க காது திரும்பவும் செவக்குது."