ஆகஸ்டுக்கு இரண்டு எருமை

தெற்கு அறையில் கண்ணாடி டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது.

அந்தத் தடியன்தான் என்று நினைத்தபடியே அகுஸ்தினா வெங்காயம் நறுக்கினாள். நாற்பது வயதாகியும் தம்பி சம்பேக்கு ஒரு டம்ளரை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. ஒரு வேலையைப் பிடிக்கவும் தெரியாது. மக்காஸர் நகரத்தில் மூன்று வேலை, மூன்றிலும் ஆறு மாதம். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு டொராஜா மலைக்கே திரும்பி வந்து, அக்கா கடை வருமானத்தில் மூன்று வேளையும் தட்டு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். சம்பே முற்றத்தில், மழைக்கு ஒதுங்கி, தூண்கள்மேல் நின்ற நெற்களஞ்சியத்தின் அடியில், தன் எருமைக்கன்றைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குள் வேறு யாருமில்லை. அப்பாவைத் தவிர.

அப்பாவுக்கு மூச்சு நின்று ஒன்றரை வருடம். ஆனால் எருமை வெட்டி அடக்கம் செய்கிறவரை ஊரில் யாரும் அவரைச் செத்தவர் என்று சொல்ல மாட்டார்கள். உடம்பு சரியில்லாதவர், அவ்வளவுதான். கெடாதிருக்க மருந்தேற்றிய உடம்பு தெற்கு அறையில், கட்டில்மேல், திறந்த பெட்டிக்குள் போர்வையோடு படுத்திருந்தது. வேளாவேளைக்குச் சோறும் காபியும் கிராம்பு சிகரெட்டும் உள்ளே போகும். மின்சாரம் முதல் மருந்துவரை செலவெல்லாம் அகுஸ்தினாவுடையது.

அறைக்குள் போனாள். டம்ளர் கட்டிலுக்கடியில் கிடந்தது. தரை உலர்ந்திருந்தது. ஒரு சொட்டுக் காபிகூடச் சிந்தவில்லை.

“டேய்! இங்க வா. டம்ளர் உடைஞ்சா யாரு வாங்குறது, நீயா?”

சம்பே ஈரக் கையோடு வாசலில் நின்றான். “நான் உள்ளயே வரலக்கா. அப்பா குடிச்சிட்டு வெச்சிருப்பாரு.”

“குடிக்கிறாரா! மாசம் ரெண்டு கிலோ தூளு. யாரு குடிக்கிறதுன்னு எனக்குத் தெரியாதா? உன் தொந்தியே சொல்லுதே.”

“அவரு எதிர்ல சண்டை வேணாங்க்கா.”

“அவரு எதிர்லயே சொல்றேன், கேட்டுக்க. ஆகஸ்டுல அடக்கம். ரெண்டு எருமை. முடிஞ்சுது.”

சம்பேயின் முகம் சுருங்கியது. வெட்டிய எருமைக்குத் தக்கபடிதான் பிள்ளைகளுக்கு வயல். அவனிடம் இருப்பது அந்த ஒரு கன்று. அது சடங்குக்குத் தேற இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். ஆகஸ்டில் அடக்கம் என்றால் ஆற்றங்கரை வயல் முழுக்க அக்காவுக்கு. அதற்கு ஒரு எருமையே போதும். இரண்டாவது, ஊர் வாய்க்காக.

“வயல நீயே வெச்சுக்கக்கா,” என்றான் மெதுவாக. “ஆனா தாத்தாவுக்கு இருபத்துநாலு வெட்டுனாரு அப்பா. அந்த உலகத்துக்கு எருமைதான சுமந்துட்டுப் போகணும்? அவ்வளவு மலைக்கு ரெண்டு எப்படிப் போதும்?”

அவள் சிரித்தாள். “போதுமா போதாதான்னு அவரு வந்து சொல்வாரா? செத்து ஒன்றரை வருஷமாச்சு. செத்த பொணத்துக்கு என்னடா தெரியும்?”

மழை ஓட்டில் விழுவது திடீரென்று பெரிதாகக் கேட்டது. அந்த வார்த்தையை அந்த அறையில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

சம்பே பெட்டியருகே குனிந்தான். “அப்பா, அக்கா கோவத்துல பேசுது. மனசுல வெச்சுக்காதீங்க. நான் போய் சர்ச் பெரியவரக் கூட்டிட்டு வந்துடறேன்.” சொல்லிவிட்டு, அக்காவைப் பார்க்காமலே மழையில் இறங்கி ஓடினான்.

கோழை. அவள் சமையலறைக்குத் திரும்பினாள்.

நான்கு மணிக்கே மூடுபனி வயலிலிருந்து ஏறி வந்து ஜன்னல்களைச் சாம்பலாக்கியது; மின்சாரம் போயிற்று; ஈர மண்ணின் வாசனையும் நனைந்த எருமையின் வாசனையும் வெங்காயத்தின் காரமும் கலந்திருந்த காற்றில், அவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து, தெற்கு அறைக்கு மட்டுமே உரிய அந்த மருந்து நெடி மெல்ல மெல்ல மேலேறி, கூடத்தைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, அவள் பிடரிக்கு வந்து நின்றது. பெட்டியின் பலகை ஒருமுறை முனகியது. மரம் ஈரத்தில் ஊதும், ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு துணி தரையில் இழுபடுவது போல ஒரு சத்தம். எலியாக இருக்கும். எல்லாம் அந்த முட்டாள் சிந்துகிற சோற்றுக்காக வருகிற எலிகள்.

விளக்கை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

போர்வை இருந்தது. தலையணையில் பள்ளம் இருந்தது.

பெட்டி காலி.

சம்பேயின் வேலை. பயமுறுத்தப் பார்க்கிறான். எங்கே மறைத்தான்? எப்போது தூக்கினான்? அவள் கண்முன்னேதானே வெறுங்கையோடு ஓடினான்?

ஓடத் திரும்பினாள். தோள் கனத்தது.

சுவரில் அவள் நிழல். அதன் முதுகு உயர்ந்திருந்தது. முதுகின் மேல் இன்னொரு தலை.

முழங்கால் மடிந்தது. விளக்கு உருண்டது. அணையவில்லை. உள்ளங்கை இரண்டும் தரையில் பதிந்தன. எழ முயன்றாள். கனம் கூடியது. விலாவின் இருபுறமும் மெலிந்த கால்கள் இறுகின. காய்ந்த தோல். குளிர்.

“சம்பே!” என்று கத்தினாள். தொண்டையிலிருந்து வந்தது பெயரல்ல. அடிவயிற்றிலிருந்து எழுந்த நீண்ட முக்காரம்.

முற்றத்தில் கன்று பதில் கொடுத்தது.

மருந்து நாறும் ஒரு கை முகத்தைத் தடவியது. ஒரு விரல் மூக்குத் துவாரத்தில் நுழைந்தது. இன்னொரு விரல் மற்றதில். நடுத்தண்டைப் பிடித்தது. மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பது போல. மேலே இழுத்தது.

காதருகே, ஒன்றரை வருடமாகக் கேட்காத குரல். கோபமே இல்லை அதில்.

“ரெண்டு போதாதும்மா. மூணாவதா நீ நட.”