ஒரு நாழிகைக் கையெழுத்து

கால்நடை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் காலை வேளையில் எது நோயாளி, யார் கூட்டிவந்தவர் என்று முகத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. கஸ்பார் உள்ளே நுழைந்தபோது மூலை பெஞ்சில் ஒரு பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தார். வயிறு உப்பியிருந்தது அவருடைய கிடாவுக்கு. ஏப்பம் விட்டது பெரியவர். பக்கத்தில் கல்லூரிக்குப் போகிற வயதுப் பெண் ஒருத்தி, கன்னத்தை உள்ளங்கையால் தாங்கியபடி, "ஒண்ணுமில்லடி, டைகருக்குக் கடவாப்பல்லு" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவர் கழுத்திலும் சாம்பல் நிற உணர்பட்டை.

தூத்துக்குடியில் யாரும் இதை நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. உடனுணர்வுச் சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகப்போகிறது. வாய் திறந்து சம்மதம் சொல்ல முடியாத உடம்பு எதுவானாலும் சரி, கைக்குழந்தையோ மயக்கத்தில் கிடப்பவரோ மிருகமோ, அதற்காகக் கையெழுத்துப் போடுகிறவர் முதலில் உணர்பட்டை மாட்டி அந்த உடம்பு உணர்வதைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். குறைந்தது ஒரு நாழிகை. சட்டம் எழுதியவர்களுக்குத் தமிழ்ப்பற்று அதிகம். இருபத்துநாலு நிமிடம் என்று எழுதியிருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

கஸ்பாரின் கையிலிருந்த மீன்பெட்டியில், துண்டுக்குள் சுருண்டு கிடந்தது சூப்பர்வைசர். துறைமுகத்தில் ஆளில்லா வண்டிகள் மின்னேற்றிக்கொள்ளும் கொட்டகைதான் அதன் ஊர். எந்த வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால், அங்கே வேலை பார்க்கும் கஸ்பார்தான் அந்தப் பெயரை வைத்தார். இன்னும் ஒரு வயது நிரம்பாத பூனை. சூடான வண்டிக்கு அடியில் தூங்கும். மனிதர் குறுக்கே வந்தால் வண்டி நின்றுவிடும். பூனைக்கும் நில் என்று அதற்குச் சொல்லிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"யாரு கையெழுத்து?" என்றாள் டாக்டர் இசக்கி.

"நாந்தான். சூப்பர்வைசரு வீட்டுக்குத் தகவல் சொல்லணும்னா மார்க்கெட்டுல பாதிப் பூனைக்குச் சொல்லணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஊடுகதிர்ப் படத்தைச் சுவரில் விரித்தாள். இடது பின்னங்கால், முட்டிக்குக் கீழே, நொறுக்குத்தீனிப் பொட்டலத்தின் அடியில் மிஞ்சியதைப் போல இருந்தது.

"எலும்பு நெய்து பாக்கலாம் அண்ணாச்சி. பத்துக்கு நாலு பொழைக்கும். ரெண்டு மாசம் கூண்டுல கிடக்கணும். வாராவாரம் உள்ள தொறந்து நெய்யணும், ஒவ்வொண்ணுக்கும் தனிச் சம்மதம். அதனால வாராவாரம் நீங்க பட்டை மாட்டணும். கால எடுத்துட்டா இன்னைக்கு ஒரே தடவைதான்."

அந்த 'ஒரே தடவை' கஸ்பாரின் காதில் உறுத்தியது. அவருடைய இடது காலும் முட்டிக்குக் கீழே இயந்திரம். டாக்டர் அதைக் கவனித்திருப்பாள். எல்லாரும் கவனிப்பார்கள், கவனிக்காததுபோல் இருப்பார்கள், அவரே முந்திக்கொண்டு "பாதி சம்பளம் துருப்பிடிக்காம இருக்கப் போடுற எண்ணெய்க்கே போயிருது" என்று சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன், துறைமுகத்தில் சரக்குப் பெட்டகம் ஒன்று கொக்கியிலிருந்து நழுவி அவர்மேல் விழுந்தது. கண் விழித்தபோது கால் இல்லை. மனைவி ரெஜினா பட்டை மாட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். நாழிகை முடிந்த அடுத்த நொடியே போட்டுவிட்டாளாம். பார்க்க வந்த ஒன்றுவிட்ட அத்தை ஆரஞ்சுப் பழத்தோடு சேர்த்து அந்தத் தகவலையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்தச் சட்டம் ஊருக்கு வலியைப் புரியவைத்ததோ இல்லையோ, ஒரு சந்தேகத்தை எல்லார் வீட்டிலும் குடிவைத்துவிட்டது. காலை எடு என்று கையெழுத்திட்டால் பட்டையைக் கழற்றிவிடலாம், பிறகு மாட்டவே வேண்டாம். காப்பாற்று என்றால் வலி வாராவாரம் வீடு தேடி வரும். கைகால் இழந்த ஒவ்வொருவரும் தனக்காகக் கையெழுத்துப் போட்டவரை ஓரக்கண்ணால் பார்த்தார். எனக்காகப் போட்டாயா, உனக்காகப் போட்டாயா? கேட்கத்தான் முடியாது. இன்னொரு உடம்புக்குள் என்ன உணர்ந்தாய் என்று கேட்பது, குளிக்கும்போது கதவைத் தட்டாமல் திறப்பதைவிட மோசம் என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. மூன்று வருடமாகக் கஸ்பார் கேட்கவில்லை, ரெஜினா சொல்லவில்லை. ஒவ்வொரு இரவும் அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் காலைக் கழற்றினார்.

"மாட்டுங்க டாக்டரம்மா. அவசரக் கையெழுத்து நம்மகிட்ட கெடையாது."

பட்டை கழுத்தில் குளிர்ந்தது. டாக்டர் பூனையின் மருந்துக்குழாயில் எதையோ திருகிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனாள். கஸ்பார் ஒரு ஜோக் தயார் செய்து வைத்திருந்தார். அது வாய்க்கு வருவதற்குள் வலி வந்துவிட்டது.

இல்லாத காலில் வந்தது அது. மூன்று வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்தில், முட்டிக்குக் கீழே, யாரோ கண்ணாடித் துண்டுகளைச் சாக்கில் போட்டுக் குலுக்கினார்கள். நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். நல்லதுதான், தாங்கலாம். சுவர்க் கடிகாரம் நாழிகையைக் காட்டிப் பச்சையானது. போடலாம் என்று அர்த்தம். அவர் போடவில்லை. இதோ, ரெஜினாவைத் தாண்டியாயிற்று. இன்னும் கொஞ்சம் தாண்டுவோம். வாராவாரம் வருவேன், ரெண்டு மாசம் வருவேன். ஒரு காலுக்காக ஒருவர் எவ்வளவு தாங்கலாம் என்று பார்க்கட்டும். யார் பார்க்க வேண்டும் என்று அவர் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை சட்டைப்பைக்குள் சொட்டியது.

அப்போது கூடத்தில் யாரோ டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

நெத்திலி. கஸ்பார் ஐம்பது வருடமாகக் கடற்கரையில் இருப்பவர், ஆனால் இப்படியொரு நெத்திலி வாசனையை அவர் மூக்கு அறிந்ததில்லை. எத்தனை துண்டு, எந்தப் பக்கம், கதவுக்கு எவ்வளவு தூரம் எல்லாம் அந்த வாசனையிலேயே இருந்தது. வலிக்கு அடியிலிருந்து பசி சுருட்டி இழுத்தது. காதுகள் திரும்பின, அவருடைய காதுகள் திரும்பாது, ஆனாலும் திரும்பின. மூன்று கால்கள் எழுந்திரு என்றன. நான்காவது, வாலில் கட்டிவிட்ட டப்பாவைப் போலப் பின்னால் கிடந்தது.

கஸ்பார் தேடினார். கால் போய்விடுமே என்ற துக்கம் அந்தச் சின்ன உடம்பில் எங்காவது இருக்க வேண்டுமே. மூலைமுடுக்கெல்லாம் தேடினார். வலி இருந்தது, பசி இருந்தது, அந்தக் கதவு இருந்தது. துக்கம் மட்டும் இல்லை. அது முழுக்க அவருடையதாக இருந்தது.

டாக்டர் எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, நாழிகை முடிஞ்சு எம்புட்டு நேரமாச்சு! என்ன பண்ணுதிய?"

"யோசிக்கேன்."

"யோசிங்க. ஆனா பூனையும்லா வலியில கிடக்கு? பட்டை மாட்டுனதும் வலி மருந்த நிறுத்திட்டோம்."

"நிறுத்திட்டியளா?"

"நிறுத்தாட்டா நீங்க மருந்தத்தான உணருவிய. சட்டம் அப்படி. கையெழுத்து விழுந்தாத்தான் மறுபடி ஊசி."

கஸ்பார் பூனையைப் பார்த்தார். அதன் விலா வேகமாக ஏறி இறங்கியது. அவருடையதும் அதே வேகத்தில். அவர் காட்டிய வீரத்துக்கெல்லாம் அதுதான் கூலி கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"மனுசருக்கும் அப்படித்தானா?"

"எல்லா உடம்புக்கும் ஒரே சட்டம்தான் அண்ணாச்சி."

நாழிகை முடிந்த அடுத்த நொடியே.

அவர் திரையில் 'நீக்கம்' என்ற இடத்தில் பெருவிரலை வைத்தார். அவசரத்தில் முதல் தடவை சரியாகப் பதியவில்லை. இரண்டாவது தடவை அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்தது.

மறுநாள் மாலை மீன்பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தவரை ரெஜினா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது என்ன புது வரவு?"

"எங்க சூப்பர்வைசர். மெடிக்கல் லீவு."

அவள் குனிந்து துண்டை விலக்கினாள். மழித்த இடமும் தையலும் தெரிந்தன. துண்டைத் திரும்பப் போர்த்தினாள். "கையெழுத்து?"

"நாந்தான்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பதுதானே வழக்கம். அடுப்படிக்குத் திரும்பியவளின் முதுகைப் பார்த்துக் கஸ்பார் சொன்னார்:

"ரெஜி. கேக்கக்கூடாதுதான். கேக்கேன். அன்னைக்கு எனக்கு உள்ள எப்படி இருந்துச்சு?"

கரண்டிச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை.

"கால்ல தீ வச்ச மாதிரி இருந்துச்சு. அதை விடுங்க." அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னாள்: "அதுக்குக் கீழ பசி."

"பசியா?"

"அன்னைக்குக் காலைல ஆப்பத்தட்டத் தள்ளி வச்சிட்டு எங்கூட மல்லுக்கு நின்னுட்டுப் போனியல்லா. அப்புறம் போன்ல, கேன்டீன்ல சாப்டாச்சுன்னு சொன்னிய. பச்சைப் பொய். ஒரு வாய் சாப்டல. பட்டை மாட்டுனதும் தெரிஞ்சு போச்சு." இப்போது திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரலில் இன்னும் அந்தக் கேன்டீன் கோபம். "செத்துப் போற உடம்புக்கு ஆப்பம் கேக்குமா? கேக்காதுன்னு நெனச்சேன். இந்த மனுசன் பொழைச்சிருவாருன்னு நெனச்சேன். அப்புறம் கடிகாரத்த மட்டும் பாத்துட்டு இருந்தேன், எப்போ பச்சையாகும், எப்போ ஊசி போடுவாவன்னு."

"இதை ஏம்ட்டி சொல்லாம வச்சிருந்த?"

"நீங்க ஏன் கேக்கல?"

நல்ல கேள்வி. கஸ்பார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குளியலறைக் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துவிட்டு, அங்கேயே, அவள் பார்க்க, இயந்திரக்காலின் வார்களை அவிழ்த்தார். கால் 'டப்' என்று கழன்றது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். முட்டியின் கீழ்த் தழும்பில் மின்விசிறிக் காற்று பட்டது. வீட்டுக் கூடத்தின் காற்று அங்கே பட்டது அதுவே முதல் தடவை.

பெட்டிக்குள் அசைவு. சூப்பர்வைசர் தலையை நீட்டியது, மூன்று காலில் எழுந்தது, பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தது. இல்லாத காலைக் குற்றம் சொல்ல அதற்கு நேரமில்லை. மறுபடி எழுந்து, கோணல்மாணலாகத் தத்தி, அடுப்படியில் மீன் வாசனை வந்த திசைக்குப் புறப்பட்டது.

அதற்கு வழிவிட்டு, தட்டோடு வந்த ரெஜினா சாய்த்து வைத்திருந்த காலில் இடறித் தடுமாறி நின்றாள்.

"நடக்கிற எடத்துலயா இத வைப்பிய? நான் விழுந்து கெடந்தா நீங்கதான் பட்டை மாட்டணும், தெரியும்லா?"

"மாட்டுதேன்" என்றார் கஸ்பார்.

அவள் தட்டை அவர் மடியில் வைத்தாள். ஆப்பம் இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.