நீயே காத்திரு

அவன் அறைக்குள் நுழைந்ததும் அலமாரியிலிருந்த பழைய மடிக்கணினி மூச்சை அடக்கிக்கொண்டது.

அப்படித்தான் தோன்றியது. படியேறி வரும்போது அதன் விசிறிச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது; உஸ்ஸென்று ஏறி, ஒரு கணம் நின்று, உஸ்ஸென்று இறங்கி, மறுபடி ஏறி, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த பெரிய மனிதர் ஒருவரின் மூச்சைப் போல அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கதவைத் தள்ளினான், நின்றுவிட்டது. அறையெங்கும் சூடான பிளாஸ்டிக் வாசனை. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் வெயில் திரைச்சீலைக்கு அடியில் புகுந்து தரையில் நீட்டிப் படுத்திருந்தது. கணினியின் விசிறி சூட்டைப் பார்த்துச் சுற்றலாம், சூட்டைப் பார்த்து நிற்கலாம். ஆளைப் பார்த்து நிற்பது முறையில்லை.

"என்ன, வெட்கமா?" என்று அதைக் கேட்டான். அது பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்போதே ஓடியிருப்பான்.

அவனைக் கூட்டத்தில் தண்டோரா என்று கூப்பிடுவார்கள். உலகத்தின் மூலைக்கொருவராக இருந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சம்பளமும் இல்லாமல், ஓர் இயங்குதளத்தின் கெர்னலை எழுதிக்கொண்டிருந்த கூட்டம் அது. கெர்னல் என்பது கணினியின் அடிவயிறு. விசையைத் தட்டினால் எழுத்து திரைக்குப் போவதும், கோப்பைத் திறந்தால் அது திறப்பதும் அதன் ஏற்பாடு. வேலை வந்தால் செய்யும். இல்லாவிட்டால் அடுத்த வேலை வரும்வரை காத்திருக்கும். பல அலுவலகங்களிலும் இதுதான் நடைமுறை, ஆனால் கெர்னல் ஆள் வந்தால் எழுந்துவிடும். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஞாயிறுதோறும் மாலையில், வந்த திருத்தங்களைச் சேர்த்து ஒரு சோதனைப் பதிப்பு வெளியிடுவது வழக்கம். "இந்தாருங்கள், ஓட்டிப் பாருங்கள், எங்கே இடிக்கிறதோ அங்கே திட்டுங்கள்" என்று மின்னஞ்சல் மடற்குழுவுக்கு அறிவிப்பு எழுதிப் பதிப்பைத் திறந்துவிடுவது அவன் பொறுப்பு. ஊரைக் கூட்டித் தமுக்கடிக்கிற வேலை.

கூட்டத்துக்கு ஒரே சட்டம்தான். அனுப்பியவன் மூஞ்சியைப் பார்க்காதே, அனுப்பியதைப் பார். இந்தச் சட்டத்தின் பேரில்தான் சில நாட்களுக்கு முன்னால் ஒரு திருத்தத்தை உள்ளே விட்டார்கள். அனுப்புநர் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. கூடவே ஒரு குறிப்பு: 'நீங்கள் காத்திருக்கும் விதம் தவறு. சரிசெய்திருக்கிறேன்.' எல்லோருடைய நிரலையும் சரிபார்க்கிறவனுக்குப் பல்லி என்று பெயர். எதைப் பார்த்தாலும் 'ச்ச்ச்' என்று நாக்கைத் தட்டுவான், அதனால். அந்தத் திருத்தத்தைப் பார்த்து அவன் நாக்கைத் தட்டவே இல்லை. "டேய், கவிதைடா இது. மூணே வரி. சும்மா இருக்கும்போது மெஷின் எவ்வளவு அழகா சும்மா இருக்கு தெரியுமா?" என்றான். அன்றிலிருந்து தண்டோராவின் அலமாரியில் இருந்த சோதனை இயந்திரங்களிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது: பழைய மடிக்கணினி, மூடிப்போன கடையிலிருந்து வந்த பில் போடும் இயந்திரம், யாரோ தூக்கியெறிந்த வைஃபை பெட்டி.

அறிவிப்பை எழுத உட்கார்ந்தான். இரண்டு வரி எழுதியிருப்பான், தீய்ந்த பால் நாற்றம் வந்தது.

கதவைத் திறந்தால், வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி. பார்வை அவன்மேல் இல்லை, அவனைத் தாண்டி அலமாரிமேல்.

"அக்கா."

அசையவில்லை.

"அக்கா! பால் தீயுது!"

தண்ணீருக்கடியிலிருந்து மேலே வருகிறவளைப் போல அவள் முகம் மெல்லத் திரும்பி வந்தது. "ஐயையோ" என்று கீழே ஓடினாள். அவனும் பின்னாலேயே போனான். சமையலறை முழுக்கப் புகை. பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது. பால் பொங்கி வழிந்து, வற்றி, கருகுகிற வரைக்கும் அவள் மேலே நின்றிருக்கிறாள்.

"என்னக்கா, வாசல்ல நின்னு தவமா?"

"யாரோ வரப்போறாங்கன்னு இருந்துச்சுடா."

"யாரு? அத்தானா?" அக்காவின் கணவர் கப்பலில் இன்ஜினியர், வருவதைவிடப் போவது அதிகம்.

"அந்த மனுஷனுக்குக் காத்திருக்கறது எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள்லேர்ந்து அதானே பொழப்பு. உள்ளுக்குள்ள திட்டிக்கிட்டே நிப்பேன். இது அப்படி இல்ல." பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "கோபமே வரல. காலும் வலிக்கல. அப்படியே நின்னுடலாம் போல இருந்துச்சு. அதாண்டா பயமா இருக்கு."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"சரி, அத விடு. உன் ரூம்ல யாருடா மூச்சு விடறது?" என்றாள் அக்கா.

மறுபடி மாடிக்கு ஏறியபோது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். சொந்த அறைக்குத் திருடனைப் போலப் போகவேண்டியிருக்கிறதே என்று அவமானமாக இருந்தது. கதவிடுக்கில் காதை வைத்தான். உஸ்ஸென்று ஏறியது, நின்றது, இறங்கியது. விரல்கடை அளவு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். விசிறி ஏறும்போது, விசிறியே இல்லாத வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு மெல்ல ஒளிர்ந்தது. இறங்கும்போது மங்கியது. பில் இயந்திரம் அதே தாளத்தில் காகிதத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி, கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது, தூங்குகிறவன் உதட்டில் நாக்கு நுனி வந்துபோவதைப் போல. மூன்றுக்கும் நடுவே ஒரு கம்பிகூடக் கிடையாது.

கதவு கிரீச்சிட்டது.

மூன்றும் நின்றன.

பல்லியைத் தொலைபேசியில் கூப்பிட்டான். "அந்த மூணு வரியைத் தூக்கறேன்."

"ஏண்டா? நல்லாத்தானே ஓடுது?"

"எங்க அக்கா வாசல்ல நிக்கறா."

"நிக்கட்டும். அதுக்கும் கெர்னலுக்கும் என்ன சம்பந்தம்? காரணம்னு என்னத்த எழுதுவ, 'அக்கா நிற்கிறார்'னா?"

"அப்படியேதான் எழுதுவேன். இன்னிக்கு என் வீட்ல ஓடுது. தமுக்கடிச்சேன்னா நாளைக்கு எத்தனை வீட்லடா ஓடும்? எவ்வளவு பேர் அடுப்புல பாலை வெச்சுட்டு நிப்பாங்க?"

'ச்ச்ச்' வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"பல்லி?"

"நானும் இங்க ஓட்டிட்டுதான் இருக்கேன்." குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "நல்லா இருக்குடா. யாரோ வர்ற மாதிரி..."

அப்புறம் பேச்சில்லை. இணைப்பு துண்டிக்கப்படவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஏறியது. நின்றது. இறங்கியது.

தொலைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். அந்த மூன்று வரியையும் வெட்டியெறிந்தான். வழக்கப்படி, எதை நீக்கினாலும் பொதுவில் சொல்ல வேண்டும். மடற்குழுவில் சொன்னான். கை விசைப்பலகையை விட்டு எடுபடுவதற்குள் பதில் வந்து நின்றது. அனுப்புநர் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி.

'எடுத்துவிட்டால் யார் காத்திருப்பது?'

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அவனுக்கு வாய் நீளும். பள்ளிக்கூடத்தில் பிரம்பு கீழே இறங்குகிற வேளையில்தான் அவன் நல்ல நல்ல நகைச்சுவைகளாகச் சொல்லியிருக்கிறான். இப்போதும் முதுகுத்தண்டில் எறும்பு ஊர ஊர, பல்லைக் கடித்துக்கொண்டு அறிவிப்பை எழுதினான்:

'நண்பர்களே, இந்த வாரச் சோதனைப் பதிப்பு தயார். வட்டு இயக்கிகளில் சில பிழைகள் செத்தன. புதிதாகச் சில பிறந்திருக்கலாம், பார்த்தவர்கள் சொல்லவும். பெயர் சொல்ல விருப்பமில்லாத ஒருவர் காத்திருப்பு நிரலில் செய்த திருத்தம் நீக்கப்படுகிறது. காரணம்: அக்கா நிற்கிறார். இது எங்கள் கெர்னல். படிக்கலாம், திருத்தலாம், சண்டை போடலாம், ஆனால் எதுவானாலும் வெளிச்சத்தில். ஆட்சேபனை இருந்தால் எல்லோரும் பார்க்கப் பெயரோடு வந்து பேசவும். யார் காத்திருப்பது என்று கேட்டிருக்கிறார். நீயே காத்திரு.'

அனுப்பினான். பதிப்பைத் திறந்துவிட்டான். மூன்று இயந்திரங்களிலும் புதியதை ஏற்றினான். அவை முறைப்படி உறுமி, விழித்து, அடங்கின. விசிறி விசிறியாகச் சுற்றியது. பச்சை விளக்கு சிமிட்டாமல் நின்றது. கீழே அக்கா குழாயடியில் பாத்திரங்களை முட்டி மோதிக் கழுவுகிற சத்தம், அவ்வளவு கோபமாக, அவ்வளவு இனிமையாகக் கேட்டது.

"வந்துட்டான் பெரிய இவன்," என்று காலி நாற்காலி ஒன்றைப் பார்த்துச் சொன்னான்.

மடற்குழுவில் பதில்கள் வர ஆரம்பித்தன. 'இறக்கிவிட்டேன்.' 'ஏற்றிவிட்டேன், அக்காவுக்கு வணக்கம்.' 'எல்லாம் சரியாக ஓடு'

கடைசிப் பதில் அங்கேயே நின்றிருந்தது. அடுத்தது வரட்டும் என்று பார்த்தான். வரவில்லை. வெயில் போய் அறையில் சாம்பல் நிறம் படிந்திருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரரின் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, நடுத் தையலில் நின்றது. தெருவில் பந்து விளையாடிய பிள்ளைகளின் கூச்சல் நின்றது. தெருக்கோடிப் பல் டாக்டரின் துளைக்கருவி கீச்சிட்டது. நின்றது. கீழே குழாய் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. பாத்திரச் சத்தம் இல்லை.

"அக்கா?"

தண்ணீர் கொட்டியது.

"அக்கா, குழாயை மூடு!"

தண்ணீர் மட்டும்.

ஜன்னல் திரையை விலக்கினான். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றார். பல் டாக்டர் கையுறை கழற்றாமல் நின்றார். பக்கத்தில் அவருடைய நோயாளி, வாயில் பஞ்சோடு. பிள்ளைகள். மிதிவண்டியில் வந்தவன், ஒரு கால் தரையில். பந்து தானாக உருண்டு சாக்கடையில் விழுந்தது. யாரும் திரும்பவில்லை. எல்லா முகங்களும் அவன் ஜன்னலை நோக்கி நிமிர்ந்திருந்தன. எல்லாக் கண்களும் ஒன்றாக மூடின. ஒன்றாகத் திறந்தன. மூடின. திறந்தன. வெற்றுத் திரையில் முதல் எழுத்துக்காக விட்டுவிட்டுத் துடிக்கிற கோட்டைப் போல. இயந்திரங்களிலிருந்து அவன் நீக்கிய காத்திருப்பு இப்போது இவர்களிடம் ஓடியது.

நடுத்தெருவில் ஒருவரும் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுங்கி நின்று, தெருமுனையிலிருந்து அவன் வீட்டு வாசல்வரை வழி விட்டிருந்தார்கள்.

அந்த வழியில் ஒரு தெருநாய். காலியான தெருமுனையைப் பார்த்து உறுமியது. ஓர் அடி பின்வாங்கியது. உறுமியது. இன்னோர் அடி. பின்னாலேயே, பின்னாலேயே, அவன் வீட்டு வாசலுக்கு.

அவன் இமைகள் கனத்தன. தூக்கமில்லை. சுகம். முழங்கால் தானே பூட்டிக்கொண்டது. நின்றால் போதும். வலிக்காது. வருகிறவர் வரட்டும்.

"மாட்டேன்," என்றான். நாக்கு புரளவில்லை. "மாட்டேண்டா!" இரண்டு கை விரல்களாலும் இமைகளைப் பிடித்து மேலே இழுத்தான். கண்ணீர் கொட்டியது. காற்று மணலாக உரசியது. அப்படியே கதவுப் பக்கம் திரும்பினான்.

வாசலில் அக்கா. கையிலிருந்து சோப்பு நுரை சொட்டியது. அவளுக்குப் பின்னால் மாடிப்படி நெடுக ஆட்கள். பக்கத்து வீட்டுக் கணவன், மனைவி, காய்கறி வண்டிக்காரர், இன்னும் யார் யாரோ. சுவரோடு ஒட்டி, கைப்பிடியோடு ஒட்டி. நடுப்படி காலி. மூடின கண்கள். திறந்தன.

"அக்கா, என்னைப் பாரு. திட்டுக்கா. நாலு வார்த்தை திட்டு."

மூடின. திறந்தன.

கீழே நாயின் உறுமல் பாதியில் அறுந்தது.

இமையை விடாமல், படியைப் பார்த்துக் கத்தினான்: "பேரைச் சொல்லிட்டு ஏறுடா!"

கீழே முதல் படியில் நின்றவர்களின் கண்கள் மூடின. திறக்கவில்லை.

அதற்கு மேல்படி. மூடின. திறக்கவில்லை.

அதற்கும் மேல்.

அவன் அக்காவைத் தாண்டிப் போய் வழியை மறித்து நின்றான், விரல்களுக்கு நடுவே கண்கள் ரத்தமாகச் சிவந்து. முதுகுக்குப் பின்னால் அக்காவின் மூச்சு கேட்டது. ஏறியது. நின்றது.

இறங்கவில்லை.