வராதவளுக்குச் சொன்ன ஹாடிர்

8 செப்டம்பர் 2025, திங்கள்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வராத ஒருத்திக்காக, வந்துவிட்டாள் என்று குரல் கொடுத்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. எஸ்டேட்டில் காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும்போது ஓர் ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்றால், பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுத்துவிடுவார். இல்லாவிட்டால் அந்த ஆளுக்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடைக்காது. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகியது. பல்கலைக்கழகத்தில் அது கூடாது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பு மையம் தானா ராத்தாவில் ஒரு பழைய துரை பங்களாவில் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி சன்னல் வரை வந்து நின்றிருந்தது. கூடத்தில் நனைந்த மரத்தின் வாசனை. எங்களுக்குப் பொறுப்பான யோகேந்திரன் சார் ஒவ்வொரு பெயராகப் படித்தார். வந்திருந்தவர்கள், வந்திருக்கிறேன் என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோலவே "ஹாடிர்" என்றார்கள். "தனுஜா" என்றதும் நானும் சொன்னேன்.

"ரூபினி."

யாரும் பேசவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பாவம், பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்தேன்.

"ஹாடிர்" என்றேன்.

சார் தலையைத் தூக்காமலே குறித்துக்கொண்டார். முன் வரிசையில் ஒருவன் திரும்பிச் சிரித்தான். லிங்கேஸ்வரன். கியா பார்மில் அவன் வீட்டாருக்குக் காய்கறிக் கடை.

"ஒரு டிக்கெட்டுல ரெண்டு சீட்டு பிடிக்கிறியா? கில்லாடி லா நீ."

அப்போது பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. யாராவது உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

பழைய நாற்காலி. அப்படித்தான் இருக்க வேண்டும்.

வரவேற்பு வாரத்தில் எதற்கெல்லாம் போவது என்பதுதான் இப்போதைய கவலை. தேயிலைத் தொழிற்சாலையில் எனக்குப் பேக்கிங் வேலை, இந்த வாரம் மத்தியானம் தொடங்கி இரவு வரை ஷிப்ட். இன்றையது போக இன்னும் இரண்டு மாலைதான் விடுவேன் என்று ஆள் கணக்குப் பார்க்கும் கிராணி சொல்லிவிட்டார். நாளை நூலகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். புதன்கிழமை சங்கங்கள், வியாழன் குழுப்படமும் விருந்தும். வெள்ளிக்கிழமை உறுதிமொழி எடுத்து மாணவர் அட்டை வாங்க வேண்டும். அட்டை வாங்காதவருக்கு இடம் போய்விடும். அதனால் வெள்ளி கட்டாயம். மற்றவற்றில் ஒன்று. நூலகத்தை நானே பிறகு பார்த்துக்கொள்ளலாம். படம் எடுத்தால் நான் எப்படியும் கண்ணை மூடிவிடுவேன். சங்கங்களுக்குப் போனால் யாராவது பேசுவார்கள். ஆகவே புதன்.

சரியாகத்தான் யோசித்தேனா, தெரியவில்லை. இந்த இடத்தையும் விட்டால் பேக்கிங் மேசையை விட்டு எழுந்திருக்க எனக்கு வேறு வழி கிடையாது.

9 செப்டம்பர், செவ்வாய்

இரவுச் சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியைப் பார்த்தேன். லிங்கேஸ்வரன் குரல் பதிவு அனுப்பியிருந்தான்.

"என்னா தனுஜா, நூலகத்துல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிற? கோவமா? தலையெல்லாம் சொட்டச் சொட்ட வந்து நிக்கிற, ஒரு குடை எடுத்துட்டு வந்தா என்னவாம்?"

நான் வரவில்லை, ஷிப்டில் இருக்கிறேன் என்று பதில் போட்டேன். உடனே இன்னொரு பதிவு வந்தது.

"விளையாடாத லா. பேரு கூப்பிட்டப்ப ஹாடிர் சொன்னியே. நான்தானே நாற்காலி இழுத்துப் போட்டேன்."

வேறு யாரையோ பார்த்திருப்பான். நேற்றுத்தானே பழக்கம்.

ஆனால் மேசைக்குத் திரும்பியபோது, தேயிலை வாசனையையும் மீறி மண் வாசனை வந்தது. புதிதாக வெட்டிய மண். தேடிப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது.

10 செப்டம்பர், புதன்

இன்று நேரத்தோடு போய் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பெயர் வாசிப்பு தொடங்கியது.

"தனுஜா."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"ஹாடிர்."

என் குரல்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"ரூபினி" என்றார் சார்.

எல்லாரும் திரும்பி என்னையே பார்த்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. எல்லாரும் போன பிறகு, ரூபினி யார் என்று சாரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லெம்பா பெர்த்தாம் ஊருப் பிள்ளைம்மா. போன வருசம் எடம் கெடச்சுது. வரவேற்பு வாரத்துக்கு மோட்டார் சைக்கிள்ல வர்றப்ப மண்ணு சரிஞ்சு அதுக்குள்ளயே பொதஞ்சு போயிடுச்சு. பேர எடுத்துடலாம்னு இருந்தேன், அவங்க அம்மா விடல. இந்த வருசம் ஒருவாட்டி கூப்பிட்டுப் பாருங்க சார்னு அழுதாங்க. யாரும் பதில் சொல்லலன்னா வெள்ளிக்கிழம அடிச்சிரலாம்னு நெனச்சேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "திங்கக்கிழம யாரோ சொன்னாங்க. யாருன்னு நிமிந்து பாக்க எனக்குத் தைரியம் வரல."

நான்தான் என்று சொல்ல எனக்கும் வரவில்லை.

11 செப்டம்பர், வியாழன்

நான் போகாத இடத்துக்கு ரூபினி நானாகப் போகிறாள். இனி எதற்குப் போவது, எதை விடுவது என்று யோசிக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் போக வேண்டும்.

கிராணியிடம் கேட்டேன்.

"ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா புள்ள? போறதுன்னா அப்படியே போயிடு. நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

போனேன்.

மூடுபனியில் பஸ் ஊர்ந்துதான் போனது. பங்களா வாசலுக்கு வந்தபோது உள்ளே விளக்குகள் எரிந்தன. சன்னல் வழியே பார்த்தேன். படத்துக்காக எல்லாரும் நெருக்கி நின்றார்கள்.

நடுவில் நான் நின்றிருந்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. தட்டினேன். யாரும் திரும்பவில்லை, நடுவில் நின்றவளைத் தவிர. அவள் மட்டும் சன்னலைப் பார்த்தாள். பிறகு லிங்கேஸ்வரன் ஏதோ சொல்ல, அவன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தேன். படம் அம்மாவின் கைப்பேசிக்கு அதற்குள் வந்திருந்தது.

"எவ்ளோ நல்லா இருக்க இதுல. இப்படி நீ சிரிச்சு நான் பாத்ததே இல்லடி" என்றாள் அம்மா. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

12 செப்டம்பர், வெள்ளி

வாசலில் லிங்கேஸ்வரன் நின்றான். எனக்கு வழிவிட்டான்.

"வாங்க. நீங்க புதுசா? பேரு என்னங்க?"

பதில் சொல்லாமல் உள்ளே போனேன். தனுஜா என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். முன் வரிசையில் அவளும் எழுந்தாள். "சார், நான்தான் தனுஜா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. அவள் நடந்துபோய் அட்டையை வாங்கினாள். கை தட்டினார்கள்.

கடைசியாக சார் அந்தப் பெயரைப் படித்தார்.

"ரூபினி."

காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

பேனா தாளைத் தொட்டதும் எனக்கு மூச்சு நின்றது.

நெஞ்சின்மேல் ஏதோ ஏறியது. கனமாக, குளிராக. வாய்க்குள் மண் நெறுநெறுத்தது. அவர் கோடு இழுக்கப் போகிறார். இழுத்தால் நான் எங்கேயும் இருக்கமாட்டேன்.

"ஹாடிர்" என்றேன்.

மூச்சு வந்தது.

இந்த முறை சார் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"வந்துட்டியாம்மா" என்றார் மெதுவாக.

எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டுக்குத்தான் திரும்பினேன். வேறு எங்கே போவது. கதவைத் திறந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் கோபமோ பயமோ இல்லை.

"யாரும்மா நீ? தனுஜா கூடப் படிக்கிற பிள்ளையா? அடடா, இப்படியா நனைஞ்சு வருவ. உள்ள வா."

ஒரு துண்டு கொடுத்தாள். தேநீர் கொடுத்தாள். "அம்மா" என்று கூப்பிட்டேன். "சொல்லும்மா" என்றாள், ஊரார் பிள்ளையிடம் பேசுகிற அன்போடு. இந்தப் பனியில் எப்படிப் போவாய், இங்கேயே படுத்துவிட்டுக் காலையில் போகலாம் என்று முன் அறையில் பாய் விரித்தாள். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அடுப்படியில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு என் குரல் கேட்டது.

"அவ லெம்பா பெர்த்தாம் பிள்ளைம்மா. அவங்க அம்மா தேடிக்கிட்டு இருப்பாங்க. வெள்ளனவே எழுப்பி விட்ரு."

"சரிடி" என்றாள் அம்மா.

நாளை சனிக்கிழமை. முதல் பஸ்ஸில் லெம்பா பெர்த்தாமுக்குப் போக வேண்டும். ரூபினியின் வீடு எது என்று தெரியாது. இறங்கியதும் விசாரிக்க வேண்டும்.