ஆலாத்தீவின் கடைசி எலி

"கடைசி எலியப் பிடிக்காம கரைக்குத் திரும்புறதில்ல," என்று சொல்லிக்கொண்டே வள்ளத்தைத் தள்ளினாள் பிலோமி.

"இது கடைசி எலின்னு அது வந்து ஒங்கிட்டச் சொல்லுச்சாக்கும்?" என்றான் அவள் அண்ணன் சூசை. கூட்டாளி காதர் எலிப்பொறிகளையும் பொறிக்கு இரையான கருவாட்டுச் சாக்கையும் ஏற்றினான்.

ஆலாத்தீவில் முன்பு எலியே கிடையாது. புயலில் ஒரு சரக்குக் கப்பல் பாறையில் மோதி நின்றது. கப்பலை இழுத்துப் போனார்கள். அதிலிருந்து இறங்கிய எலிகளை விட்டுவிட்டுப் போனார்கள். கப்பல்காரனுக்கு என்ன கவலை? ஆலாப் பறவை வெறும் மணலில் முட்டையிடும். எலிக்கு அது பந்தி வைத்த மாதிரி. இந்த வருடமும் குஞ்சு பொரிக்காவிட்டால் பறவைகள் தீவை விட்டே போய்விடும். ஆலா வட்டமிடும் இடத்தில்தான் பிலோமி வீட்டார் சாளை மீனுக்கு வலை போடுவார்கள். மீன் காட்டும் மெஷின் வாங்க அவர்களுக்கு வக்கில்லை.

பல நடை வந்து, வளை தோண்டி, பொறி வைத்து எலிகளை ஒழித்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு நடையிலும் புதுத் தடம் தெரிந்தது.

இந்த முறையும் அப்படித்தான். ராத்திரி வைத்த பொறிகள் விடிந்தபோது காலி. ஒரு முட்டை உடைந்து கிடந்தது. பிலோமி மணலில் குனிந்து தடத்தைப் பிடித்துக்கொண்டே போனாள். அது புதருக்குப் போகவில்லை. அவர்களுடைய வள்ளத்துக்கே போனது.

"அடப்பாவி, நம்ம வலைக்குள்ளயா குடியிருக்கு?" சூசை கம்பை ஓங்கினான்.

அவன் கையைப் பிடித்தாள் பிலோமி. "இங்க கலைச்சா தீவுக்குள்ள ஓடிரும். சத்தங்காட்டாம தள்ளு."

மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். பாறை தாண்டி ஆழத்துக்குப் போனதும் காதர் வலையை உதறினான். பூனைக்குட்டி பருமனில் ஒரு சினை எலி சூசையின் தோளில் ஏறிக் கடலில் குதித்தது. நேராகத் தீவைப் பார்த்து நீந்தியது.

மீன்கூடையோடு பாய்ந்தாள் பிலோமி. அலை அவளைப் பாறைப் பக்கம் தள்ளியது. முழங்கால் கிழிந்தது. அவள் விடவில்லை. முக்குளித்து, எலிக்குக் கீழே கூடையை நுழைத்து ஒரே தூக்கு.

"கருவாட்டுச் சாக்கோட கரையில உள்ள எலியையும் நாமளேதான் நடைக்கு நடை ஏத்தியாந்திருக்கோம்," என்றான் காதர். "கப்பக்காரன மட்டும் ஏசுனோமே."

"பேசாம என்னையத் தூக்கு காதரு," என்றாள் பிலோமி.

அந்தப் பருவத்தில் மணல் முழுக்கக் குஞ்சுகள். இப்போது எந்தப் படகு வந்தாலும் தீவுக்கு எட்டத்தில் இருக்கும் மணல்திட்டில் நிறுத்தி, சாமான் அத்தனையையும் கொட்டி உதறிப் பிலோமியிடம் காட்ட வேண்டும். யார் சொல்லையும் பிலோமி நம்புவதில்லை. போன வாரம் தீவைப் பார்க்க வந்த ஓர் அதிகாரி முறைத்தார்.

"என் பையில என்னம்மா இருக்கப்போவுது?"

"கொட்டுங்க சார், பாப்போம்."

கொட்டினார். நாலு கரப்பான் பூச்சி ஓடின.