கையுறைக்குள் ஓடிய கடிகாரம்

அமில பம்ப்பின் காலடியில் மெக்கானிக் லொம்பே செத்துக் கிடந்தான். முகமும் மார்பும் வெந்திருந்தன. முழங்கை வரை ஏறிய ரப்பர் கையுறைகள் மட்டும் முழுசாக இருந்தன.

காலை ஏழரை. கிட்வே நகரத்துக்கு வடக்கே, செப்புத் தாதை அமிலத்தில் கரைக்கும் ஆலை. இன்ஸ்பெக்டர் எதெல் ஜேரே குனிந்து பார்த்தாள். பம்ப் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் கட்டைமேல் ஒரு காந்த வளையம். அவள் நெருங்கியதும் கால்சட்டைப் பைக்குள் இருந்த சாவிக்கொத்து துணியோடு சேர்ந்து வளையத்தை நோக்கி இழுபட்டது.

"தள்ளி நில்லுங்க மேடம்," என்றான் பராமரிப்பு இன்ஜினியர் மலாமா. அவன் கண்கள் சிவந்திருந்தன. "பழைய பம்ப்ல தண்டு வெளிய வர்ற ஓட்டைல ஒரு அடைப்பு இருக்கும். அது தேய்ஞ்சா அமிலம் ஒழுகும். இதுல ஓட்டையே கிடையாது. மூடின சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு காந்தம், அந்தப் பக்கம் ஒரு காந்தம்; இது சுத்தினா அதுவும் சுத்தும். இதைத்தான் வாங்கணும்னு ரெண்டு வருஷமா சண்டை போட்டவனே லொம்பேதான். பிப்ரவரியில மாட்டினோம், தரையையும் அப்பவே புதுசாப் பூசினோம்."

"ஒழுகாத பம்ப் ஆளைக் கொல்லுமா?"

"அமிலத்தை வடிக்காம திறந்துட்டான். அவன் தப்புதான். என் தங்கச்சி புருஷன் மேடம்... இதை என் வாயாலயே சொல்ல வேண்டியிருக்கு."

சுவரில் லொம்பே கைப்பட எழுதி மாட்டிய பலகை: 'காந்த பம்ப். திறக்குமுன் கடிகாரம், சாவி, போன் வெளியே.' பம்ப்புக்குக் கீழே சிமென்ட் தரையில் கை நுழையும் ஆழத்துக்கு அரித்த குழி. எதெல் இரண்டையும் பார்த்தாள்.

மறுநாள் மாலை, ஊர்ப் பெண்களைப் போல இடுப்பில் சித்தெங்கே துணியைச் சுற்றிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனாள். அதற்குள் கம்பெனி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்: தப்பு லொம்பேயுடையது; நஷ்டஈடு கிடையாது; மனைவி மூட்டாலே பிள்ளைகளோடு கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பெம்பா இனத்தார் சாவில் ங்கோனி இனத்தார் எப்படியும் கேலி பேசலாம்; பழைய வழக்கம். யாரும் கோபிக்கக் கூடாது. லொம்பே வீட்டார் பெம்பா, எதெல் ங்கோனி.

"என்ன குரங்குதின்னிகளா, ஒரு வாய் குறைஞ்சுதே, கறி மிச்சமிருக்கா?"

"வந்துட்டாடா எலிதின்னி!" வாசலில் கரி அடுப்பைச் சுற்றியிருந்த ஆண்களில் ஒருவன் கண்ணைத் துடைத்தபடி சிரித்தான். "சுவரோரம் பொந்து இருக்கு, போய்த் தோண்டு!"

மலாமா மட்டும் சிரிக்கவில்லை.

உள்ளே தரை மெத்தையில் மூட்டாலே உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைக்கடிகாரம்.

"செத்தவனுக்கு நேரம் எதுக்கு? எனக்குக் குடு," என்று எதெல் பறித்தாள். அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. காதில் வைத்தாள். ஓடியது. அவள் குரல் மாறியது. "இது எங்க இருந்துச்சு?"

"கையுறைக்குள்ள. ஆஸ்பத்திரியில கழட்டினப்பதான் பார்த்தாங்க. சாவி குடுக்கிற கடிகாரம். நேத்து ராத்திரி நான்தான் குடுத்தேன். ஒரு நிமிஷம் தப்பல."

எதெல் வெளியே வந்து மலாமாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ரப்பர் காந்தத்தைத் தடுக்குமா?"

"தடுக்காது."

"என் சாவியைத் துணியோட இழுத்துச்சே. அந்தப் பலகையை எழுதினவன் கடிகாரத்தோட காந்த பம்ப்பைத் திறப்பானா? மறந்து திறந்தான்னே வை. அவ்ளோ பலமான காந்தத்துல இது நின்னிருக்கணும், இல்ல தாறுமாறா ஓடியிருக்கணும். இது சரியா ஓடுது. அப்போ அவன் கை வச்சது பழைய பம்ப். ஒழுகாத பம்ப்புக்குக் கீழ, புதுசாப் பூசின தரையில அவ்ளோ பெரிய குழி எப்படி வரும்? புதுசை நீங்க மாட்டவே இல்ல. அவன் செத்தப்புறம், எங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, நீ பழசை எடுத்துட்டு புதுசைப் பிரிச்சுப் போட்டு வச்சே. கையுறைக்குள்ள இருந்தது மட்டும் உன் கண்ணுல படல."

மலாமா கங்குகளையே பார்த்தான். "மாட்டணும்னா நாலு நாள் ஆலையை நிறுத்தணும். நிறுத்தாதே, மாட்டினதாச் சொல்லிடுன்னு மேலிடத்துல சொன்னாங்க. பெட்டி வந்த அன்னிக்கே லொம்பே பலகையை எழுதி மாட்டிட்டான்; புதுசு பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு. பழசு ஒழுகும்போதெல்லாம் அவன்தான் நட்டை முறுக்கி அடைப்பான். நேத்து அடைப்பே தெறிச்சிடுச்சு."

"யாரு சொன்னது?"

"வாயால சொன்னது மேடம். இப்பக் கேட்டா இல்லேம்பாங்க."

வாசற்படியில் மூட்டாலே நின்றிருந்தாள்.

"அண்ணே, புதுசு பெட்டிக்குள்ள இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா... என் வேலை போயிடும்னு பேசாம இருந்தான்."

அவள் எதெல் பக்கம் திரும்பினாள். "வீடு இனிமே எனக்குத்தானே மேடம்?"

"ஆமா. தப்பு அவர்மேல இல்லன்னு ஆயிடுச்சு, உங்களைக் கிளப்ப முடியாது."

மூட்டாலே எதெலின் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கி அண்ணனிடம் நீட்டினாள்.

"இந்தா, கட்டிக்கோ. ஜெயில்ல பொழுது நகராதாம். மறக்காம சாவி குடு."

அவன் கை நீளவில்லை. அவளும் நீட்டிய கையை மடக்கவில்லை.